அந்தியேட்டி முடியும்வரை

அக்கா, அடுப்பில் வடை பொரிகிறது. இந்த எண்ணெய் மணம் வந்தாலே எனக்கு அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிதான் நினைவுக்கு வரும். இன்று உங்களுடையது.

போரில் இடம்பெயர்ந்து இருந்த தறப்பாள் கூடாரத்திலிருந்து வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி ஒரு போகம்தான் விதைத்தீர்கள். வெட்டு முடிந்த கையோடு இராணுவ முகாம்காரர் உங்கள் வயலையும் சேர்த்து வேலி போட்டார்கள். பார்க்கப் போன அத்தான் வரம்பில் விழுந்தார், எழும்பவில்லை.

செத்த வீட்டுக்கு வந்த மன்னார்ச் சட்டத்தரணி, அத்தானோடு படித்தவர், உங்களிடம் மெதுவாகச் சொன்னார். "அரசாங்கத்தையே ஏன் எண்டு கேக்கிற நீதிமன்றம் கொழும்பில இருக்கு. அரசியலமைப்பு தந்த உரிமை. ஆனா வேலி போட்டு ஒரு மாதத்துக்குள்ள மனுப் போடவேணும்."

"அந்தியேட்டி முடிய வாறன். செத்த வீட்டு நாளை ஆரும் கணக்கெடுக்க மாட்டினம்" என்றீர்கள்.

உங்களை எப்படிப் பிழை சொல்வது? கிராம அலுவலர்கூட முப்பத்தொன்று முடியட்டும் என்றுதான் சொல்லி அனுப்புவார். துக்க வீட்டுக்கு எங்கள் ஊரில் எல்லாமே காத்திருக்கும், சட்டம் காத்திருக்கவில்லை. காலம் கடந்த மனு என்று தள்ளுபடி செய்தார்கள். வயல் யாருடையது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. எளியவனுக்கும் அரசுக்கும் நடுவில் நிற்பதற்கென்றே உள்ள நீதிமன்றமாம்.

மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கி, கழுதைகளுக்கு வழிவிட்டு நின்றபோது சொன்னீர்கள். "எங்களை எத்தினை வருசம் ஊருக்கு விடேல்லை. அதுக்குக் கணக்கில்லை. நான் நாலு நாள் பிந்தினதுக்குத்தான் கணக்கு."

பிறகு சாகும்வரை மற்றவர்களின் வயலில் கூலிக்கு நாற்று நட்டீர்கள்.

உங்களைத் தகனம் செய்த மறுநாளே என் காணியிலும் முகாம்காரர் வேலிக்குக் கட்டை அடித்தார்கள். அடுத்த பஸ்ஸில் மன்னாருக்குப் போனேன். "தமக்கை செத்த துடக்கு கழியேல்லை, இவளுக்குக் காணி கேக்குதோ?" என்று புறப்படும்போது பெரியம்மா கேட்டார். சட்டத்தரணிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவரும் தயங்கினார். "அந்தியேட்டி முடியேல்லையே, தங்கச்சி?"

"அது முடிஞ்சா வழக்கும் முடிஞ்சிடும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். மனு நாள் தவறாமல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த நீதிமன்றத்தை நம்பி நான் போகவில்லை, அக்கா. பிந்தி வந்தாய் என்று உங்களுக்குச் சொன்னதை எனக்கும் சொல்ல விடக்கூடாது என்றுதான் போனேன். இந்த முறை அவர்கள் காணி யாருடையது என்று கேட்டே ஆகவேண்டும்.