அரசியாரின் கணினிப் பெட்டிக்கு அரக்கு வேண்டா

நலம் பெருகுக. முத்துத்துறையும் மூன்று மலைகளும் உடைய வெண்கடல் நாட்டின் அமைச்சர் நெய்தலரையர், அந்தப்புர வாயிலைப் பதினெட்டு ஆண்டுகளாகக் காத்துவரும் தலைவர் மழவன் எயினனாருக்கு விடுக்கும் ஓலை. உம் குடியும் உம் வாயிலும் நன்றாக இருப்பதாக.

கருவுற்றிருக்கும் அரசி காந்தள்மாதேவியார் மூன்று திங்கள் படுக்கையை விட்டு எழலாகாது என்று மருத்துவர் விதித்ததை நீர் அறிவீர். கூத்தரங்குக்குச் செல்ல இயலாத தேவியார், கடல் கடந்த நாடுகளின் திரைக்கதைகளைத் தம் அறைச் சுவரிலேயே காண ஒரு கணினி வேண்டுமென்றும், அது கட்டிலருகே உள்ள விளக்கு மாடத்துள் அடங்க வேண்டுமென்றும் கேட்டார்.

முதலில் தவறியவர் இவ்வோலை விடுக்கும் அமைச்சரே. அரசிக்கு வாங்குவது பெரியதாகவே இருக்கவேண்டும் என்றெண்ணி, கணினிக்கு மூளையாகும் செயலிகளுள் துறைமுக அங்காடியிலேயே வலிமை மிக்கதை வாங்கினார். அதன் சூட்டைத் தணிக்கச் சுழன்ற விசிறியின் இரைச்சலில், திரையில் காதலர் பேசிய ஒரு சொல்லும் கேட்கவில்லை. போர் யானையைப் பள்ளியறையில் கட்டிவிட்டீரே என்று தேவியார் நகைத்தார். பிறகு கணினிக் கம்மியர் மாசாத்தியார், குறைந்த மின்சாரத்தில் இயங்குவதும் படம் காட்டும் திறனைத் தன்னுள்ளேயே கொண்டதுமான சிறு செயலியைத் தேர்ந்தார். நான்கு விரல் உயரமுள்ள பெட்டி ஒன்றையும், மேற்புறத்திலும் பக்கங்களிலும் காற்றுத் துளைகள் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே எடுத்தார்.

அந்தப்புரத்துள் நுழையும் பெட்டியின் ஒவ்வொரு திறப்புக்கும் அரக்கு முத்திரை வைப்பது பழைய வழக்கம். நீரும் உம் காவலரும் ஒரு பகல் முழுதும் அமர்ந்து, நூற்று நாற்பது துளைகளுக்கும் ஒன்று விடாமல் வைத்தீர்கள். கம்மியர் உள்ளே வர இசைவில்லாமையால், தோழியர் அந்தச் சிவப்புப் பொட்டுகளை அழகு வேலை என்றே நினைத்துப் பெட்டியை மாடத்தில் வைத்தனர்.

அன்று மாலை திரையில், பனியூரில் தனித்திருந்த மாலுமியின் மனைவி, எட்டு ஆண்டுகளில் முதன்முறையாகத் தட்டப்பட்ட கதவைத் திறக்கக் கைநீட்டினாள். அப்போது அரக்கு உருகி வழிய, கணினி மூச்சடைத்து நின்றது. வந்தவன் கணவன் என்கிறாள் ஒரு தோழி. வழி தவறிய எவனோ என்கிறாள் இன்னொருத்தி. தேவியாரோ மூன்று நாளாகப் பாலைக்கூட மறந்து அந்தக் கதவையே நினைத்திருக்கிறார்.

நற்பேறாகச் செயலி பிழைத்தது. அரக்கைச் சுரண்டி எடுத்தாயிற்று. இன்று பிற்பகல் பெட்டி மீண்டும் உம் வாயிலுக்கு வரும். ஆதலால் ஆணை இது: துளை எதையும் அடைக்கலாகாது. அடிப்பக்கத்தில் ஒரு முத்திரை போதும்.

தேவியாருக்கு உம்மீது சினம் இல்லை. ஆனால் அந்தக் கதவைப் பாதியில் நிறுத்திய தலைவர், அது திறக்கும்போது தேவியாரின் அறை வாயிலில் அமர்ந்து உடன் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். அரக்குச் சிமிழைக் காவலரிடம் விட்டு வருக.

வெண்கடல் நாட்டுச் சுறா முத்திரை இட்டு விடுக்கப்பட்டது. முத்திரை ஒன்றே, எண்ணிப் பார்த்துக்கொள்க.