உன் உதட்டுக்கு நான் போட்ட மார்க்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
6-4-2025

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதிக்கிறது. இங்க நாங்க மூணு பேரும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். அங்க மஸ்கட்ல உனக்குச் சாப்பாடு, தூக்கம், லேப் வேலை எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு உங்கம்மா சொல்லித்தான் கேட்டுக்கறேன். போன்ல என் கொரல் கேட்டாலே அம்மாகிட்ட குடுங்கன்னு சொல்லிடற, அதைக் கொறையா சொல்ல வரல. பேச ஆரம்பிச்சா பாதியில நீ வெச்சுடுவ, இல்லன்னா பாதியில நான் கத்திடுவேன், அதனாலதான் பேனா எடுத்தேன். பின்தெரு சுமலதா லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை மஸ்கட் கெளம்புது, அதுகிட்ட குடுத்து அனுப்பறேன். உங்கம்மா நெத்திலிக் கருவாடும் வெங்காய வடகமும் கட்டி வெச்சிருக்கா, அதுவும் கூட வரும். கடுதாசி எழுதறேன்னு அவளுக்குத் தெரியும், என்ன எழுதறேன்னு தெரியாது. அவளுக்கு ரெண்டு வாரமா மூட்டு வலி, மாடி ஏற மாட்டேங்கறா, துணியெல்லாம் நான்தான் காய வெக்கிறேன்.

தம்பி முகிலனுக்கு வைகாசியில கல்யாணம்னு தெரியும் உனக்கு. பொண்ணு இனியா, கடலூர்ல ஒரு பேங்க்ல இருக்குது. மாசி மகத்தன்னிக்கு நானே உங்கம்மா கையிலேர்ந்து போனை வாங்கி, லீவு கெடைக்கறது கஷ்டம்னா நீ அலைய வேணாம்மா, வீடியோல பாத்துக்கலாம்னு சொன்னேன். நீ சரின்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்ட. லீவு கஷ்டம்னு நீ எங்கயும் சொல்லல, நானாத்தான் கண்டுபிடிச்சு சொன்னேன். ஏன்னு உனக்கும் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் என் கையால எழுதிடறேன். பொண்ணு வீட்ல உன்னைப் பத்தி, அக்கா ஒருத்தி மஸ்கட்ல லேப் டெக்னீஷியனா இருக்கான்னு மட்டும்தான் சொல்லியிருந்தோம். அவங்க குடும்ப போட்டோ கேட்டப்ப, கொரோனா டைம்ல நீ மாஸ்க் போட்டு எடுத்த படத்தைத் தேடி முகிலன் அனுப்பினான். எங்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பினான். நல்ல யோசனைடான்னு நான் அவன் முதுகுல தட்டினேன்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். ஜனவரியிலேர்ந்து நான் ஏடிஎம் வாட்ச்மேன் வேலையில இல்ல, காண்ட்ராக்ட்காரன் ஆஸ்பத்திரி டூட்டிக்கு மாத்திட்டான். நீ அஞ்சு மாசக் கொழந்தையில உதட்டுக்கும், அப்புறம் அண்ணத்துக்கும், பத்து வயசுல ஈறுக்கும், பதினெட்டுல மூக்குக்கும் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட அதே ஆஸ்பத்திரி. அந்தக் கட்டடத்து வாசல்லயே சேர் போட்டு ஒக்கார வெச்சுட்டான். பழைய டாக்டருங்க யாரும் இல்ல, என்னை அடையாளம் தெரிஞ்சவங்களும் இல்ல. தினமும் தாய்மாருங்க துணியால கொழந்தை வாய மூடிக்கிட்டு வர்றாங்க, டோக்கன் எங்கன்னு கேக்கறாங்க, கையைக் காட்டறேன். அவ்ளோதான். எனக்கும் இப்படி ஒரு மக இருக்கா, இப்ப வெளிநாட்டுல சம்பாதிக்கறான்னு ஒருத்திகிட்டயாவது சொல்லியிருக்கலாம். சொல்லல.

பங்குனி பொறந்து ஒரு புதன்கிழமை, அங்க மேல்படிப்பு படிக்கிற சத்யப்பிரியான்னு ஒரு டாக்டர் பொண்ணு வாசலுக்கு வந்தாங்க. ஆராய்ச்சிக்குப் பத்து சாதாரண ஆளுங்க வேணுமாம். ஆபரேஷன் ஆனவங்க போட்டோவைக் காட்டுவாங்க, பாக்கறதுக்கு எப்படி இருக்குன்னு மார்க் போடணும். டாக்டருங்க பாத்தா எவ்ளோ சிக்கலான ஆபரேஷன்னு யோசிச்சு மார்க் போட்டுடறாங்க, தெருவுல எதிர்ல வர்றவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு எங்களுக்குத் தெரியணும் சார்னு சொன்னாங்க. நல்ல பொண்ணு, மரியாதையாத்தான் கேட்டாங்க. கேன்டீன் செல்வாம்பாள், ஸ்டாண்டு ஆட்டோ இராமதாஸ், ஆபீஸ் ஆளுங்க ஏழு பேருன்னு எங்களைக் கூட்டிப்போய் ஒரு ரூம்ல ஒக்கார வெச்சாங்க. பேப்பர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா ஒரு கேள்வி கேட்டாங்க. உங்க குடும்பத்துல யாருக்காவது உதட்டுப் பிளவு இருக்குதா. பக்கத்துல இராமதாஸ் ஒக்காந்திருக்கான். நான் இல்லன்னு சொன்னேன். யோசிக்கக்கூட இல்ல சுடர், பேரு கேட்டா பேரு சொல்ற மாதிரி சட்டுனு வந்துடுச்சு வாயில.

படம்னா முழு மொகம் கிடையாது. மூக்குலேர்ந்து மேல் உதடு வரைக்கும் வெட்டி வெச்சிருக்காங்க, கண்ணு தெரியாது, தாடை தெரியாது, ஆணா பொண்ணான்னு கூட சில நேரம் தெரியாது. சுவத்துல பெருசா ஒவ்வொண்ணா விழும். ரொம்ப நல்லா இருந்தா ஒண்ணு, ரொம்ப மோசம்னா அஞ்சு. நாப்பது படம். முதல்ல நாலு படத்துக்குக் கை கூசிச்சு, அப்புறம் பழகிப்போச்சு. மூக்கு ஒரு பக்கம் சாஞ்சிருக்கா, கோடு தெரியுதா, உதடு ஏறி நிக்குதான்னு டக்குடக்குன்னு போட்டுக்கிட்டே போனேன். செல்வாம்பாள்தான் ஒவ்வொண்ணுக்கும் ஐயோ புள்ளன்னு சொல்லிச் சொல்லி எல்லாத்துக்கும் ரெண்டு போட்டுது. எனக்கு அதைப் பாத்து சிரிப்பு. நான் பெரிய நீதிபதி மாதிரி பாத்துப் பாத்துப் போட்டேன்.

அடுத்த புதன்கிழமையும் வரச் சொன்னாங்க. அன்னிக்கு சுவத்துல காட்டற மெஷின் ரிப்பேர், அதனால ஒவ்வொருத்தரா கூப்பிட்டு லேப்டாப்ல கிட்ட வெச்சுக் காட்டினாங்க. பதினேழாவது படம் வந்துது. உதட்டுத் தையல் கோடு முடியற எடத்துல, இடது பக்கமா, அரிசி அளவுக்கு ஒரு அம்மைக் குழி. ஏழு வயசுல உனக்கு அம்மை வாத்தப்ப சொரியக் கூடாதுன்னு வேப்பங்கொழையை வெச்சுக்கிட்டு நான்தான் பக்கத்துல இருந்தேன், நான் கண்ணசந்த நேரத்துல நீ கிள்ளிட்ட. அந்தக் குழி. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு மீதியைப் போட்டேன். டாக்டர் பேப்பரைப் பாத்துட்டு, ஒண்ணு விட்டுட்டீங்க சார்னு சொன்னாங்க. அது எம் பொண்ணும்மான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அப்படியே ஒக்காந்துடுச்சு. அன்னிக்கு இல்லன்னு சொன்னீங்களே சார்னு கேட்டாங்க. ஆமா சொன்னேன்னு சொன்னேன்.

அப்புறம்தான் சொன்னாங்க, ரெண்டு வாரமும் அதே நாப்பது படம்தானாம், வரிசையை மட்டும் மாத்துவாங்களாம், ஒரே ஆள் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி மார்க் போடறாரான்னு பாக்கறதுக்கு. அப்படின்னா போன வாரமும் நீ அந்தச் சுவத்துல வந்திருக்க. பெத்த அப்பன் நேர்ல ஒக்காந்து பாத்திருக்கேன், எனக்குத் தெரியல. என்ன போட்டேன்னு கேட்டேன். வேணாம் சார்னு சொன்னாங்க. என் பேப்பர்தானம்மா, காட்டுங்கன்னேன். எடுத்துக் காட்டினாங்க. நாலு. அஞ்சு போடலன்னு மனசு ஒரு நிமிஷம் லேசாச்சு பாரு, அதை நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. உங்க பேப்பர் ரெண்டையும் எடுத்துடறேன் சார், பேஷண்டோட அப்பா மார்க் போட்டா செல்லாதுன்னு அவங்க சொன்னாங்க. மத்தவங்க போட்டது செல்லும். இத்தினி வருஷமா வீட்ல நான் உனக்குப் போட்ட மார்க்கெல்லாம் செல்லிட்டுத்தானே இருந்துதுன்னு எனக்குள்ள ஓடிச்சு.

முழு மொகத்தையும் ஒரு தடவை பாக்கணும்னு கேட்டேன். தயங்கித் தயங்கி உன் பழைய ஃபைலைக் கொண்டாந்தாங்க. பதினெட்டு வயசுல மூக்கு ஆபரேஷன் முடிஞ்சு எடுத்த படம், நேரா கேமராவைப் பாத்து நிக்கற. நம்ம வீட்ல அப்படி ஒரு படம் கெடையாது. ரேஷன் கார்டுக்கு எடுத்தப்பகூட தலைய சாச்சுக்கன்னு ஸ்டூடியோவுல சத்தம் போட்டவன் நான். படத்துக்குப் பின்னாடி நீ எழுதிக் குடுத்த பாரம் ஒண்ணு பின் அடிச்சிருந்துது. நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்துல உன்னை ஒக்கார வெச்சுக் கேட்டிருக்காங்க போல. உங்கள் முகம் உங்களுக்கு எப்படி இருக்கிறதுன்னு ஒரு கேள்வி, நல்லாருக்குன்னு எழுதியிருக்க. முகத்தை வைத்து உங்களை வருத்தப்படுத்துபவர்கள் யார்னு அடுத்த கேள்வி. பள்ளிக்கூடம், அக்கம் பக்கம், தோழிகள், வீடு. வீட்டுக்கு நேரா மட்டும் டிக்.

ஸ்கூல்ல புள்ளைங்க கேலி பண்ணும்னு சண்டைக்குப் போனவன் நான். தெருவுல எவனாவது பாத்தா மொறைச்சவன் நான். வீட்ல யாரு, உங்கம்மாவா, உன் மடியிலயே கெடந்த முகிலனா. விருந்தாளி வந்தா நீ உள்ள போ, நீ பேசாத, மூக்கால வருதுன்னு சொன்னது நான்தான். ஊருக்கு முன்னாடி நீ அவமானப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன்னு இத்தினி நாள் நெனச்சிருந்தேன். அவமானம் எனக்குத்தான் இருந்திருக்கு. உனக்கு வில்லியனூர் புருஷோத்தமனைப் பேசி முடிச்சப்ப, அவங்கம்மா இன்னொரு ஆபரேஷன் பண்ணி அந்தக் கோட்டை எடுத்துட்டா நிச்சயம் வெச்சுக்கலாம்னு சொன்னதும், உன்னைக் கேக்காமயே டாக்டர்கிட்ட நாள் வாங்கினேன். நான் வர மாட்டேன்னு நீ நின்ன. உன் மூஞ்சிக்கு இவன் கெடைச்சதே பெருசுன்னு சொன்னேன். கோவத்துல வந்த வார்த்தைன்னு உங்கம்மா உங்கிட்ட சமாதானம் சொன்னா. கோவத்துல வரல. அன்னிக்கும் நாலுதான் போட்டேன், வாயால போட்டேன். ரெண்டு மாசத்துல நீ மஸ்கட் போயிட்ட.

ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய வந்தப்ப இராமதாஸ் பீடி பத்த வெச்சுக்கிட்டு, அந்த மாதிரிப் பொண்ணுங்களுக்கெல்லாம் யாருப்பா தாலி கட்டுவான்னு கேட்டான். எம் பொண்ணு அதுல இருக்காடான்னு சொன்னேன். அவன் வெளையாட்டுன்னு நெனச்சு சிரிச்சான், என் மூஞ்சியைப் பாத்துட்டு பீடியைக் கீழ போட்டான். அதுலேர்ந்து என் பக்கம் வர்றதில்ல.

போன ஞாயித்துக்கிழமை யார்கிட்டயும் சொல்லாம கடலூர் பஸ் ஏறினேன். சுமலதா போன்லேர்ந்து நீ அங்க சிநேகிதிங்களோட சிரிச்சுக்கிட்டு நிக்கற படத்தை வாங்கிக்கிட்டேன். இனியாவோட அப்பா பேரு அம்மாவாசை, மின்சார ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. அவர் கையில குடுத்து, இதுதான் எம் மூத்த பொண்ணு, பொறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளவு, நாலு ஆபரேஷன், இதை மறைச்சது எங்க தப்புன்னு சொன்னேன். அவரு கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்கன்னாரு. இனியாவோட அம்மாதான், பொறக்கப்போற கொழந்தைக்கு வருமான்னு கேட்டாங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போயிருந்தேன். வரலாம், வராமலும் போகலாம், வர்றதுக்கு வாய்ப்பு கம்மி, வந்தா வைத்தியம் இருக்குன்னு சொன்னேன். பொண்ணு உள்ளேர்ந்து எட்டிப் பாத்துது. கலந்துக்கிட்டு சொல்றோம்னாங்க. காபி வந்துது, ஆறிப்போச்சு.

இன்னியோட ஒரு வாரம் ஆச்சு, பதில் இல்ல. முகிலன் எங்கிட்ட பேசறதில்ல. இத்தினி வருஷம் மறைச்சீங்க, இன்னும் ரெண்டு மாசம் மறைச்சிருக்கக் கூடாதான்னு ஒரு தடவை கேட்டான், அதோட சரி. அவனைத் திட்ட எனக்கு வாய் வரல, யாரு கத்துக்குடுத்தது. உங்கம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா சோறு போடறா. இந்தச் சம்பந்தம் முறிஞ்சுபோனா பழி உன் தலையில விழும்னு உனக்குத் தோணும். சொந்தக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க, உன் மாமனே சொல்லுவான். சொல்றவனை எங்கிட்ட அனுப்பி வை.

மாசி மகத்தன்னிக்கு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். கல்யாணம் நடந்தாலும் வா, நடக்கலன்னாலும் லீவு போட்டு வா, உங்கம்மா உன்னைப் பாத்து மூணு வருஷம் ஆவுது. வந்தா எல்லாருக்கும் முன்னால நிக்கணும். வர மாட்டேன்னு நீ சொன்னா அதுலயும் நியாயம் இருக்கு, நான் உங்கம்மாவுக்குச் சமாதானம் சொல்லிக்கறேன். மன்னிச்சுடுன்னு எழுதி உன்னைப் பதில் சொல்ற எடத்துல நிக்க வெக்க மாட்டேன். உன் படத்தை அந்த ஆராய்ச்சியிலேர்ந்து எடுக்கணும்னா டாக்டர் சத்யப்பிரியாவுக்கு நீ ஒரு வரி எழுதினா போதுமாம், நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கேன். உன் படத்தை ஆராய்ச்சிக்கு வெச்சுக்கலாம்னு உன் சின்ன வயசுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான், இனிமே முடிவு உன்னோடது.

உன் ரெசிடென்ட் கார்டு ஆடி மாசத்தோட முடியுதுன்னு உங்கம்மா சொன்னா, மறக்காம புதுப்பிச்சுக்க. வெயில் காலம், தண்ணி நெறைய குடி. கருவாட்டை ஃப்ரிட்ஜ்ல மூடி வை, ரூம்ல மத்தப் பொண்ணுங்க மொகம் சுளிக்கப் போறாங்க. நீ தீர்க்காயுசா, ஒருத்தருக்கும் தலை சாய்க்காம இருக்கணும். ஆட்டோ ஸ்டாண்டுல, முன்னாடி வேலை பாத்த மில்லுல, ஆஸ்பத்திரி வாசல்ல எல்லா எடத்துலயும் முகிலன் அப்பான்னு சொல்லியே பழகிட்டேன். கையெழுத்தை இன்னிக்கு ரெண்டு தடவை அடிச்சு எழுதியிருக்கேன், தப்பா நெனச்சுக்காத.

இப்படிக்கு,
சுடர்விழியோட அப்பா,
இரா. தெய்வசிகாமணி