பிரிக்காத பெட்டி

இன்று காலை குடோனில் ஒரு புதுப் பெட்டியை நானே கத்தியால் கிழித்துத் திறந்தேன். புது ரப்பர் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உடனே உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்கிறார்கள். கட்டிய புருஷனை நான் திட்டாமல் வேறு யார் திட்டுவது?

சிங்கப்பூரில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினீர்கள். வெளிநாட்டுச் சரக்கை இறக்குவதில் கெடுபிடி குறைந்திருந்த நேரம். தஞ்சாவூரில் 'ஸ்கூபா சாமான் மொத்த வியாபாரம்' என்று போர்டு மாட்டியதும் ஊரே சிரித்தது. "ஏன் மாப்ள, பெரிய கோயில் அகழியிலயா முங்கப் போறாங்க?" என்று என் அண்ணனே கேட்டார்.

நீங்கள் அசரவில்லை. "உப்புக்காத்துல வச்சா சரக்கு கெட்டுப்போயிரும் மச்சான். இங்க இருக்கட்டும். பஸ்ல ஏத்திவிட்டா ராமேஸ்வரம் என்ன, பாண்டிச்சேரி என்ன, விடியக்காலம் போய் நிக்கும்" என்றீர்கள். சொன்னபடியே போய் நின்றது.

வியாபாரத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவருகிற ரெகுலேட்டரில் கோளாறு என்று யாராவது திருப்பி அனுப்பினால், மறுபேச்சில்லாமல் புதுசு கொடுப்பீர்கள். "மூச்சு விஷயம், இதுல பேரம் கிடையாது" என்பீர்கள்.

ஆனால் அந்தக் கோளாறு சரக்கெல்லாம் எங்கே போயிற்று? பின்பக்க அலமாரிக்கு. அதிலிருந்துதான் உங்களுக்கு ரெகுலேட்டர், மாஸ்க், எல்லாமே. "ஒரே ஒரு புதுசு எடுத்துக்குங்களேன்" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! "பொட்டியப் பிரிச்சா அப்புறம் எவன் வாங்குவான்? நமக்கு இது போதும்மா." எப்போதும் அதே பதில்தான். நல்ல அரிசியைக் கடைக்கு அனுப்பிவிட்டு நொய்க்கஞ்சி குடித்து வளர்ந்த குடும்பம் உங்களுடையது. இருக்கட்டுமே, நொய்க்கஞ்சி குடித்து யாரும் சாகவில்லை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து மூச்சிலும் வைத்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகின் அடி விசிறியில் வலை சுற்றிக்கொண்டது, வெட்டிவிட வாருங்கள் என்று ஆள் வந்தது. மூச்சு இழுக்கக் கனமாக இருக்கிறது என்று திரும்பி வந்திருந்த ரெகுலேட்டரையே எடுத்துப் பையில் திணித்தீர்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "ஆழமே இல்லம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்" என்று சிரித்தீர்கள்.

தண்ணீருக்குள் அது காற்றை நிறுத்திவிட்டது. வலை உங்கள் காலையும் சுற்றியிருந்ததாம். உங்களை மேலே தூக்கியபோது இங்கே குடோனில் கூரை முட்டப் புதுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் "சிக்கனமான மனுஷன்" என்று புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிக்கனமாம், மண்ணாங்கட்டி!

நான் கடையை மூடவில்லை. திரும்பி வருகிற சரக்கை அந்த வாரமே மூட்டை கட்டிக் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறேன். நம் மகள் பாண்டிச்சேரியில் முக்குளிக்கும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். உங்கள் மகளாயிற்றே, கேட்பாளா? இன்று காலை அந்த மூட்டையைக் கிளறி, ஒரு பழைய ரெகுலேட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"புதுசு எதுக்கும்மா, விக்கிற சாமான். எனக்கு இது போதும்."

அதே பேச்சு, அதே சிரிப்பு.

"கீழ வைடி!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகுதான் கத்தியை எடுத்துப் பெட்டியைக் கிழித்தேன். "ஐயோ, பிரிச்சிட்டியே!" என்று அவள் பதறினாள்.

உங்கள் மேல் இருக்கிற கோபம் எனக்குத் தணியவில்லை. தணியவும் வேண்டாம். இவளைக் காப்பாற்ற என் கையில் அது ஒன்றுதான் இருக்கிறது. இத்தனை வருஷ வியாபாரத்தில் உங்களுக்கென்று எடுத்துவைத்த புதுச் சாமான் ஒன்றுகூட அந்தக் குடோனில் இருந்ததில்லை. புது ரெகுலேட்டரை எடுத்து, அழியாத மையால் அவள் பெயரைப் பெரிதாக எழுதினேன். இனி அதை எவனும் வாங்க மாட்டான்.