கலங்கல் ஓடையில் கேம்ப்

நவ. 6, வியாழன்

காலையில் தூறல், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். ஃபேக்டரியில் ஏ ஷிப்ட்.

ஹெச்.ஆர். நவீன் சார் கேன்டீனில் எட்டுப் பேரை உட்கார வைத்தார். சனி, ஞாயிறு காப்புக்காட்டில் கேம்ப். டென்ட் கிடையாது, கேஸ் அடுப்பு கிடையாது. ஆதிமனிதன் மாதிரி ஒரு ராத்திரி இருந்தால் லீடர்ஷிப் தானாக வருமாம். யாருக்கு வருகிறதோ அவர்தான் பி ஷிப்ட் இன்-சார்ஜ். ஒன்பது வருஷம் லைனில் நின்றவனுக்குக் காட்டில் பரீட்சை. வெளங்கிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த லிஸ்ட்: தார்ப்பாய் 1, விசில் 1, கயிறு, கைக்குச்சி, குட்டி மண்வெட்டி 1 (ஆரஞ்சு கலர்). மண்வெட்டி எதற்கு என்று டில்லி கேட்டான். சார் இங்கிலீஷில் சொன்னார். வெளிக்குப் போகக் குழி தோண்ட. எங்கள் ஊரில் அதை நிறுத்தத்தான் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டினார்கள். இங்கே டிரெயினிங்.

டில்லி லைனில் எனக்குப் பக்கத்து ஸ்டேஷனில் நிற்கிறவன், கான்ட்ராக்ட் ஆள். "நானும் பேர் குட்துட்டேன் மச்சா. போவலன்னா கான்ட்ராக்ட் போடமாட்டாங்களோன்னு ஒரே பேஜாரா கீது."

நவ. 8, சனி. காட்டில்

வானம் சுத்தம். நடை ஆறு கி.மீ. எங்கள் ஊர் மாடுகள் தினம் போகிற தடம். சாருக்கு அது 'டிரெயில்'. மயில் அகவினால் எல்லோரும் நின்று கண்ணை மூட வேண்டும். மூடினோம். சார் அதை வீடியோ எடுத்தார்.

தீ மூட்ட முக்கால் மணி நேரம் கல்லோடு கல்லை உரசினார். கடைசியில் டில்லியின் பீடித் தீப்பெட்டி. கைதட்டல் சாருக்கு.

படுக்க இடம் பார்த்தார். சமதளமான மணல் பிடித்துவிட்டது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மேல் ஏரியின் கலங்கல் ஓடை. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் இறங்குகிற வழி இதுதான். இரண்டு பக்கமும் புதரில் முழங்கால் உயரத்துக்குச் சருகும் பிளாஸ்டிக்கும். போன வருஷத் தண்ணீர் ஒதுக்கிவிட்டுப் போனது. ஏரி தளும்ப நிற்கிறது என்று அப்பா முந்தாநாள்தான் சொன்னார். காலையில் சுத்தமாக இருந்த வானம் இப்போது ஆந்திரா பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. நெல் போடுகிற எவனும் ஐப்பசியில் இங்கே மாட்டைக்கூடக் கட்ட மாட்டான்.

சொல்ல வாயெடுத்தேன். "பாஸ், நீங்க லோக்கல்தான், தெரியும். ஆனா சைட் செலக்‌ஷன் ஒரு சயின்ஸ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டில்லியும்.

சரி, நனையட்டும். படித்த முட்டாளுக்கு முழங்கால் தண்ணீர் நல்ல பாடம். சாரின் ஷூ மிதந்து போவதைப் பார்க்க வேண்டும்.

நான் மட்டும் மேட்டில் தார்ப்பாய் விரித்தேன். கேட்டதற்கு முதுகுவலி என்றேன். டில்லி கீழேயிருந்து, "இன்னா மச்சா, மணலு மெத்த மாதிரி கீது, வா" என்றான். போகவில்லை. அவனிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் போய் சாரிடம் சொல்லிவிடுவான்.

நவ. 9, ஞாயிறு

விடியும்போது வந்தது. முழங்கால் இல்லை, இடுப்பு.

விசில் ஊதியது நான். கயிறு வீசி எல்லோரையும் மேடேற்றியது நான். சார் "மம்மி, மம்மி" என்று கத்தினார். சிரிப்பு வரவில்லை.

டில்லி கடைசி. பாறையில் சறுக்கி வலது கணுக்கால் திரும்பிக்கொண்டது. ரோடு வரை முதுகில் சுமந்தேன். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி. இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. அவன் வேலை எட்டு மணி நேரம் நின்றபடி செய்கிற வேலை.

சாரை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. என்னை நினைத்தால் அதைவிட.

நவ. 14, வெள்ளி

மழை விட்டுவிட்டு. பல்வலி.

காலையில் சார் கூப்பிட்டார். கல் உரசிய கையில் இன்னும் பிளாஸ்திரி. "அன்னிக்கு உங்க பிரசென்ஸ் ஆஃப் மைண்ட்! வேற யாரையும் யோசிக்கவே இல்ல பாஸ்." திங்கள் முதல் நான் பி ஷிப்ட் இன்-சார்ஜ். வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வேலையும் கொடுத்தார்: டில்லி இடத்துக்கு ஆள் கேட்டு கான்ட்ராக்டருக்கு மெயில்.

சாயங்காலம் செவ்வாப்பேட்டை, டில்லி வீடு. கால் தலையணை மேல். அவன் மனைவி டீ கொடுத்தாள், சர்க்கரை அதிகம்.

"நீ தூக்கினு வரலன்னா அங்கியே பூட்டிருப்பேன் மச்சா" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆமா, நீ அந்தப் பக்கத்து ஆளாச்சே. தண்ணி வர்ற வழின்னு உனுக்குமா தெரியல?"

"தெரியலடா."

"உடு. நீ இன்னா பண்ணுவ." தோளைத் தட்டினான். எனக்கு ஆறுதல். "இன்-சார்ஜ் ஆய்ட்டியாமே? மூணு மாசம் என் எடத்துல வேற ஆள போடாம பாத்துக்கோ. அது போதும்."

சரி என்றேன். மெயில் காலை பதினொரு மணிக்கே போய்விட்டது.