கட்டைவிரலுக்கு அடியில் இரண்டு பட்டாணி

பாவா, நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். இதை என் அக்கா புருஷனான உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? இன்று காலை என் எண்ணெய்க் கடைக்குப் பாத்திரக்கடை ரெட்டியார் நொண்டிக்கொண்டே வந்தார். கையில் ஒரு பெரிய பழுப்பு உறை. அதிலிருந்து கறுப்பாக ஒரு தகட்டை உருவி, வெயிலுக்கு நேரே பிடித்து, "பார்றா, என் காலு" என்றார். மதராஸ் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படமாம். தோலும் தெரியவில்லை, சதையும் தெரியவில்லை. எலும்பு மட்டும் வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. கட்டைவிரல் பாதத்தோடு சேருகிற மூட்டுக்கு நேர் அடியில், பட்டாணி மாதிரி இரண்டு சின்ன எலும்பு. உள்பக்கத்து எலும்பின் குறுக்கே ஒரு கோடு. "வெடிச்சிருக்குதாம்" என்றார்.

"இது எனக்குத் தெரியுங்க. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்துலயே கண்டுபுடிச்சவன் நானு. எங்க பாவா காலுல" என்றேன்.

"நீ மூணாங்கிளாஸ்டா" என்றார் ரெட்டியார்.

அது அபாண்டம். நாலாம் வகுப்பில் பாதி வரைக்கும் போனவன் நான். மலைக் கோயிலுக்கு ஏறிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டே என் கை டாக்டருக்குப் படித்துவிட்டது. ஆடிக் கிருத்திகை ஒன்றுக்கே லட்சம் கால் என் மடியில் ஏறி இறங்கும். சரி, ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்திருந்தால், "ஆளுக்கு ரெண்டுன்னு எண்ணிட்டியா மச்சான்?" என்று கேட்டிருப்பீர்கள்.

உங்கள் வேலையை ரெட்டியாருக்குப் புரியவைக்க முடியவில்லை. "டிராலி தள்றதுதானேடா, அதுக்கு இன்னா?" என்கிறார். தள்ளுவதுதான். எப்படித் தள்ளுவது என்பதில்தான் இருக்கிறது விஷயம். நாலு இரும்புச் சக்கரத்தின் மேல் ஒரு பலகை, பலகை மேல் நாற்காலி, நாற்காலியில் குடை பிடித்தபடி லைன் பார்க்கும் இன்ஸ்பெக்டர். பின்னால், நாலு ஆளில் முறைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேலே, வெறுங்காலோடு ஓடிக்கொண்டே தள்ளவேண்டும். கீழே கல்லில் கால் வைத்தால் ஓட்டம் தடைப்படும். இரும்பின் மேலேயேதான் ஓட்டம். அந்த இரும்பு நாலு விரல் அகலம் இருந்தால் அதிகம். வண்டி வேகம் பிடித்ததும் தாவி ஏறி உட்காரவேண்டும், வேகம் குறைந்ததும் குதித்து மறுபடி ஓடவேண்டும். அரக்கோணம் போகும் வழியில் ரயில்வே கேட்டில் நின்று உங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் குதிகால் இரும்பில் படவே இல்லை. உடம்பு முழுவதும் கட்டைவிரலின் அடிமூட்டில் நின்றுகொண்டு பறந்தது. சித்திரை வெயிலில் நீங்கள் ஓடிய தண்டவாளத்தில் நான் அப்பளம் பொரித்துத் தின்றதாக ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கிளப்பியவன் நான்தான்.

வலி எப்போது தொடங்கியது என்று உங்களுக்கே தெரியாது. சண்டைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ரயில்கள் நேரம் காலம் இல்லாமல் ஓடிய வருஷம் அது. லைனைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது, தினமும் ஓட்டம். வீட்டுக்கு வந்ததும் வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்துக்கொண்டு, பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அக்கா அதை முள் என்றாள். ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்த்தாள்; ரத்தம் வந்தது, முள் வரவில்லை. உங்களோடு டிராலி தள்ளுகிற முனுசாமி கால் ஆணி என்று சொல்லி எருக்கம்பாலைத் தடவினான். தோல் வெந்ததுதான் மிச்சம். வைத்தியர் ஒருவர் வாயு என்றார், உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாது என்றார். "அரிசிக்கே வழியில்லாத ஊர்ல உருளக்கெழங்க எவன் கண்டான்?" என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வந்தீர்கள். காலை மடியில் வாங்கிப் பார்த்தேன். முள் ஏறின வாய் இல்லை, ஆணியின் தடிப்பும் இல்லை. கட்டைவிரலை மேலே வளைத்தேன், துள்ளினீர்கள். கீழே மடக்கினேன், அடங்கினீர்கள். மூட்டுக்கு அடியில் என் விரலை வைத்து மெல்ல நகர்த்தினேன். தோலுக்கு உள்ளே, பட்டாணி மாதிரி, இரண்டு. வெளிப்பக்கத்துப் பட்டாணி சும்மா இருந்தது. உள்பக்கத்தைத் தொட்டதும் என் நெஞ்சில் விட்டீர்களே ஒரு உதை! எண்ணெய்ச் சட்டியோடு நான் வீதியில் கிடந்தேன். கிடந்தபடியே, "புடிச்சிட்டேன் பாவா! உள்ளாற பட்டாணி எலும்பு ரெண்டு இருக்குது, அதுல ஒண்ணு கெட்டுப் போச்சி" என்று கத்தினேன். இன்றைக்கு ரெட்டியாருக்கு மதராஸ் டாக்டர் சொன்னதும் இதே வார்த்தைதான். நான் சொன்னபோது என் கையில் எக்ஸ்ரே கிடையாது.

வைத்தியமும் செய்தேன். பழைய வேட்டியைத் திரித்து, குடத்துக்குச் சும்மாடு வைப்பதுபோல் சின்னதாக ஒரு வளையம் செய்து, வலிக்கிற இடம் நடு ஓட்டைக்குள் வருமாறு வைத்துக் கட்டினேன். பாரமெல்லாம் வளையத்தின் மேல் விழுந்தது, பட்டாணியின் மேல் விழவில்லை. கட்டைவிரல் மேலே வளையாதபடி கீழே இழுத்து ஒரு கட்டு. சாயங்காலம் சில்லென்ற கிணற்றுத் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னேன். பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி நடக்கச் சொன்னேன். வீட்டுக்குள் நடக்கும்போது வலி பாதியாகக் குறைந்தது. அக்கா பிறந்ததிலிருந்து முதல்முறையாக என்னை மனிதனாகப் பார்த்தாள்.

மறுநாள் நீங்கள் வளையத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டீர்கள். இரும்பின் மேல் துணி வழுக்குகிறதாம். பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றலாம் என்றால், தண்டவாளத்தில் அந்த ஓரத்துக்கு இடம் ஏது? "மச்சான், உன் வைத்தியம் தரைக்கு. என் சோறு இரும்பு மேல இருக்குது" என்றீர்கள்.

"ஓடாம இருந்தா ஆறிடும் பாவா."

"ஓடாம இருந்தா அரிசி எவன் அளப்பான்?"

கடைகளில் அரிசி காணாமல்போன காலத்தில் ரயில்காரர்களுக்குத் தனியாக அளந்தார்கள். அந்த அரிசியில்தான் உங்கள் அடுப்பும் எரிந்தது, என் அடுப்பும் எரிந்தது. இதை ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. பெரிய வியாபாரிபோலத்தான் திரிந்தேன்.

இன்ஸ்பெக்டர் உங்கள் நொண்டலைப் பார்த்துவிட்டார். அரக்கோணத்து ரயில் டாக்டரிடம் காலைக் காட்டிச் சீட்டு வாங்கி வரச் சொன்னார். காலில் குறை என்று டாக்டர் எழுதினால் வேலை போய்விடும் என்று டிராலிக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். முனுசாமி சத்தியமே செய்தான்: "அண்ணா, டாக்டரு அமுக்குவாரு. நீ மூஞ்ச சுளிச்சா முடிஞ்சிது. நேரா வூட்டுக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பது முகத்தை வைத்துத்தானே? காலைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் முகத்தைச் சரிசெய்துவிட்டால் போயிற்று.

தினமும் வேலை முடிந்து கடைக்கு வருவீர்கள். நான் அந்த இடத்தில் அமுக்குவேன். முதலில் உதைத்தீர்கள், கெட்ட வார்த்தையில் திட்டினீர்கள். பிறகு பல்லைக் கடித்தீர்கள். "தாடை துடிக்குது பாவா, டாக்டரு கண்டுக்குவாரு" என்றேன். தாடையை அடக்கினீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. "கண்ணு, கண்ணு" என்றேன். அதையும் அடக்கினீர்கள். "மலை மேல ஏறி நின்னு சாமியப் பாத்துகினு இருக்கிற மாதிரி மூஞ்ச வச்சிக்கங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் என் பலம் முழுவதையும் விரலில் இறக்கி அமுக்கினேன். நீங்கள் எதிர் வீதியில் போகிற மாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த அக்கா இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்ல வேண்டிதுதான? அத எதுக்குடா இப்டி கொல்றீங்க?" என்றாள்.

"நீ சும்மா இருக்கா. இது வைத்தியம்" என்றேன்.

அரக்கோணத்துக்கு நானும் வந்தேன். உள்ளே விடவில்லை; ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், அதட்டாமல் பேசினார். உங்கள் காலை எடுத்துத் துணியால் துடைத்தார். கட்டைவிரலை மேலே வளைத்தார். சரியாக அதே இடத்தில் அமுக்கினார்.

"இங்க வலிக்குதா?"

"இல்லீங்க."

இன்னும் அழுத்தி, "இப்போ?"

"இல்லீங்க சார்."

அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. காலை விடாமலே சொன்னார்: "பயப்படாம சொல்லுப்பா. வலி இருந்தா கேட்டுல உக்கார்ற வேலைக்கு எழுதித் தரேன். கொஞ்ச மாசம் ஓடாம இருந்தா சரியாயிடும். வேலை போகாது."

நீங்கள் ஒரு தரம் ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நீங்கள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார்" என்றீர்கள். அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனில் உங்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "மச்சான், அந்தக் கேட்டு வேல நெஜமா இருக்குமோ?"

"ஐய, அது தூண்டில் பாவா. புழுவக் காட்டுறாங்க" என்றேன்.

"ஆங், அப்டித்தான் இருக்கும்" என்று வடையைப் பிட்டீர்கள்.

அந்தக் கேட்டில் இன்றைக்கு முனுசாமி உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வருஷம் முழங்கால் வலிக்கிறது என்று அதே டாக்டரிடம் போய் அழுதான், எழுதிக் கொடுத்தார். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கையில் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறான். அந்த வழியாகப் போனால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவான். ஒரே பேச்சுத்தான். நீங்கள் போன அன்று காலை நடந்ததை முதலிலிருந்து சொல்வான், நானும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்பேன்.

சீட்டு வாங்கிய மறுமாசமே நடந்தது. வளைவில் எதிரே ரயில் வருவது தெரியவில்லை. சொல்லாமல் வந்த சரக்கு ரயில். இன்ஸ்பெக்டர் குதித்து ஓடிவிட்டார். நாலு பேரும் இறங்கி டிராலியைத் தூக்கி லைனுக்கு வெளியே போடவேண்டும். இல்லையென்றால் ரயிலே கவிழும். நீங்கள் ஓடிக்கொண்டிருந்த தண்டவாளத்திலிருந்து உள்பக்கம் கல்லில் குதித்தீர்கள், அந்தக் காலின் மேல். மற்ற மூவரும் டிராலியைத் தூக்கி வெளியே தள்ளினார்கள். நீங்களும் கூடவே தூக்குவதாகத்தான் நினைத்தார்களாம்.

"திரும்பிப் பாத்தா அண்ணன் உள்ளாற கெடக்கிறாரு. எழுந்தாரு. அந்தக் கால ஊணுனாரு, அது நிக்கல. மறுபடியும் எழுந்தாரு. அதுக்குள்ள ரயிலுக்காரன் வந்துட்டான். ஒரு சத்தம் குடுத்திருந்தாருன்னா முன்னயே இழுத்துப் போட்டிருப்பேன். எலும்பு போயிருக்குது, ஒரு சத்தம் வரலியே அண்ணன் வாயில இருந்து!"

முனுசாமிக்கு இன்றுவரை அது விளங்கவில்லை. எனக்கு விளங்கும். நான் அவனிடம் சொன்னதில்லை.

அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். கருமாதி முடிந்த பிறகு என்னோடு அவள் பேசுவதெல்லாம் உங்கள் பெண் மூலமாகத்தான். "மாமாவ சாப்ட சொல்லு" என்பாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ரெட்டியார் இன்றைக்கு என் மடியில் காலை வைத்தார். மதராஸ் டாக்டர் அவருக்கு ஓட்டை போட்ட மெத்தைச் செருப்பு தைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், படி ஏறக்கூடாது, மூன்று மாதம் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருவார், கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் லேசாகத் தொட்டதற்கே மலைக் கோயில் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறினார். பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். "கத்துங்க, நல்லா கத்துங்க" என்றேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் அதைத்தான் சொல்கிறேன். காவடி எடுத்துவிட்டு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறவர்களை நான் தொடுவதே இல்லை. வாயைத் திறந்தால்தான் காலைப் பிடிப்பேன். கிறுக்கன் என்று ஒரு பெயர் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

பாவா, ரெட்டியாரிடம் சொன்னதிலும், உங்களிடம் இப்போது சொன்னதிலும் ஒன்று நான் கட்டிய கதை. இவ்வளவு நாள் சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பட்டாணியை நான் கண்டுபிடிக்கவில்லை. முதல்நாள் உங்கள் காலை மடியில் வாங்கியபோது நரம்புப் பிசகு என்று சொல்லிக் குதிகாலைத் திருகிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் குனிந்து, என் விரலைப் பிடித்து இழுத்து, அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள்.

"அங்க இல்ல மச்சான், இங்க. உள்ளாற பட்டாணி மாதிரி ரெண்டு இருக்குது பாரு. இதுதான் வலிக்குது" என்றீர்கள்.