அக்காவிடம் கேட்ட உத்தரவு

பீர்மேடு,
9-6-1974, ஞாயிறு.

அன்புள்ள தம்பி நல்லதம்பிக்கு,

அக்கா கமலாத்தாள் மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. நானும் நாச்சியும் சுகம். அங்கே அப்பா, அம்மா, நீ எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காய நாலு நாள் ஆகிறது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி நாச்சியின் சட்டையை உலர்த்துகிறேன். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, நான் பாடம் நடத்தும்போதே அப்படியே தூங்கிவிடுகிறார்கள். அங்கே நம் பெருமாட்டியில் மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் ஏறியதா? நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், கடலைக்காய் விதைத்தார்களா என்று ஒரு வரி இல்லை. நல்ல குடியானவன் போ.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மெட்ராஸ் பரங்கிமலையில் பட்டாள ஆபீசர் பயிற்சிக்கு உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பொய் சொல்லக் கூடாது. நம் வீட்டுப் பையன் பெங்களூர் வரைக்கும் போய், அத்தனை பேர் முன்னால் இங்கிலீஷில் பேசிப் பாஸாகி வந்திருக்கிறான். அப்புறம்தான் உன் மச்சான் நினைவு வந்தது. சேர்வதாக இருந்தால் இருபத்தெட்டாம் தேதிக்குள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும், அக்கா போ என்றால் போவேன், வேண்டாம் என்றால் நின்றுவிடுவேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் கோபமும் வந்துவிட்டது.

அம்மன் கோயிலில் பூக் கேட்டீர்களாம். வெள்ளை அரளி வந்தால் போகலாம், செவ்வரளி வந்தால் கூடாது என்று வேண்டிக்கொண்டு, இரண்டையும் இலையில் மடித்து வைத்து, குப்பண்ணன் வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொன்னதில் வெள்ளை வந்ததாம். அதோடு விட வேண்டியதுதானே? அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “ஏனுங்க, அம்மன் சொல்லீட்டாப் போதுமுங்களா? தாலியறுத்தவ ஒருத்தி மலையில இருக்கறா, அவ வாயில வரட்டும்” என்றாளாம். அப்பாவும் “அதுவுஞ் செரிதான்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாராம். நீயும் பேனாவை எடுத்துவிட்டாய். மூன்று பேரும் சேர்ந்து என்னை நல்ல இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள்!

வேண்டாம் என்று எழுதினால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். நீ ஆயுசு முழுக்க என்னை நினைத்துப் பல்லைக் கடிப்பாய். போ என்று எழுதி, பிறகு ஏதாவது ஒன்று... அதை நான் எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு கத்தரீனாள் டீச்சரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. “ஏட்டி, போன்னு எழுதுனா ஒங்கம்மைக்கு ஆகாது, போகாதன்னா ஒந் தம்பிக்கு ஆகாது. கடுதாசியே வரலன்னு சொல்லிட்டுச் சும்மா இரி” என்றாள். எனக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. மூன்று நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். மச்சான் விட்டுப்போன இடத்தை நான் நிரப்புவேன் என்று. ஏண்டா, அவர் இடம் என்ன பஸ் சீட்டா, ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர் உட்காருவதற்கு? நீ எத்தனை வீரம் காட்டினாலும் எனக்கு அது நிரம்பாது. அவர் எதற்குப் பட்டாளத்துக்குப் போனார் என்று உனக்குத் தெரியுமா? “வயிறு நெறையச் சோறு போடறாங்கன்னு போனம் புள்ள” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். போன பிறகு அது அவருக்குப் பிடித்துவிட்டது. லீவில் வந்தாலும் விடிவதற்கு முன்னால் எழுந்து படுக்கையை நாலு மூலையும் சரி பார்த்து மடித்துவிட்டுத்தான் காபி கேட்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் போனது அவருடைய ஆசை, அவருடைய பசி. உன்னுடையது எது? காலேஜில் நீ சயின்ஸ் எடுத்தது அப்பா சொன்னதால். என்.சி.சி.யில் சேர்ந்தது உன் சிநேகிதன் சிக்கந்தர் சேர்ந்ததால். இந்த அப்ளிகேஷனும் அவனோடு சேர்ந்து போட்டதுதான். அவன் கண் பரிசோதனையில் நின்றுவிட்டான், நீ பாஸாகிவிட்டாய். இப்போது பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் அக்காவைப் பிடிக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சொல்கிறேன்.

12-6-1974, புதன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதை மடித்து வைத்துவிட்டேன். ஒரு விஷயம் சொல்லாமல் இதை அனுப்பினால் நியாயமாக இருக்காது. இது வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தொன்று ஐப்பசியில் உன் மச்சான் லீவில் வந்திருந்தபோது, உடனே திரும்பி வரச் சொல்லித் தந்தி வந்தது உனக்கு நினைவிருக்கும். நாச்சி அப்போது எனக்கு வயிற்றில் ஏழு மாதம். மாமியார் என்னைக் கோயிலுக்கு அனுப்பி, போகலாமா என்று பூக் கேட்டு வரச் சொன்னார்கள். போனேன். செவ்வரளி வந்தது. பூசாரி என் முகத்தைப் பார்த்தார். நான் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். வாசலிலேயே மாமியார் கேட்டார்கள். வெள்ளை என்று சொன்னேன்.

கூப்பிட்டால் போயே தீர வேண்டியவர். சிவப்பு என்று சொன்னால் நின்றுவிடப் போவதில்லை, அந்தக் கலக்கத்தையும் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறுவார். அதனால்தான் அப்படிச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா புள்ள, அம்மனே போகச் சொல்லீருச்சு” என்று இன்னும் இரண்டு தோசை வாங்கிச் சாப்பிட்டார். முப்பத்திரண்டாம் நாள் அடுத்த தந்தி வந்தது.

நான் சொன்ன பொய்தான் அவரைக் கொன்றது என்று ஒரு வருஷம் வெந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் போயிருப்பார் என்று இன்னொரு வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். இன்றைக்கும் இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியாது. பட்டாளத்துக்குக் கையெழுத்துப் போட்டவனுக்கு வெள்ளைப் பூ வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான், அது மட்டும் தெரியும். உனக்குப் போடுவதற்கு முன்னால் பதினாறு நாள் இருக்கிறது. அவருக்கு அந்தப் பதினாறு நாள் கிடையாது. அதைத் தூக்கி என் மடியில் போடாதே தம்பி, எனக்குத் தாங்காது.

உன் மச்சான் போட்டோவை அலமாரிக்குள் வைத்துவிடு. என்னையும் அம்மாவையும் கொஞ்ச நேரம் மறந்துவிடு. தென்னந்தோப்பில் தனியாக உட்கார்ந்து, எனக்கு இது வேண்டுமா என்று யோசி. வேண்டாம் என்று தோன்றினால் அதில் ஒரு வெட்கமும் இல்லை. பி.எட். படி, அப்பாவோடு தோட்டம் பார், உன்னைக் கோழை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. வேண்டும் என்று தோன்றினால், அது உன் ஆசை என்று உன் வாயால் அம்மாவிடம் சொல். அக்கா சொன்னாள் என்று சொல்லாதே.

அம்மாவுக்குத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் வாயில் ஒன்றும் வராது, அவனே முடிவு செய்யட்டும், பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்துக் காட்டு. இந்தக் கடிதத்தைக் காட்டாதே. பூ விஷயம் மாமியார் காதுக்குப் போனால் அந்த மனுஷி தாங்கமாட்டார்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அப்பாவின் முழங்காலுக்கு கத்தரீனாள் டீச்சர் ஒரு தைலம் கொடுத்திருக்கிறாள், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நாச்சி மாமன் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

போவது என்று முடிவு செய்தால் அதைத் தபாலில் எழுதாதே. பஸ் ஏறி இங்கே வா. என் முகத்தைப் பார்த்து, “நான் போறேனுங்க அக்கா” என்று சொல். நான் அழுவேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்றே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டு நின்றுவிடாதே, என் சாமி.

நீ எங்கே இருந்தாலும் நூறு வயசு இருக்க வேண்டும்.

உன் அக்கா,
கமலாத்தாள்