எல்லாக் கதையிலும் தப்பிய சிங்கம்

அன்பும் சந்தேகமும் சரிபாதியாகச் சேர்த்து என் சித்தப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சித்தி நலம். நாரணாபுரம் ரோட்டில் காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது. நீங்கள் காலமெல்லாம் பிழை திருத்திய அச்சகத்தில், உங்கள் நாற்காலிக்கு எதிரே இப்போது ஒரு கணினி. அது டீ கேட்பதில்லை என்று முதலாளிக்கு சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சிறுவர்களுக்கு எழுதிய நான்கு காட்டுக் கதைப் புத்தகங்களையும் முதலாளி மறுபடி அச்சிடப்போகிறார். புரூஃப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பதினாறு வயதில் உங்கள் சிவப்புப் பேனாவுக்கு வாரிசாகிவிட்டேன். பேனா கைக்கு வந்ததும், முதலில் உங்களைத்தான் திருத்த வேண்டும் என்று நினைத்தேன்.

ஏனென்றால் உங்கள் மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம். நீங்கள் காட்டுக்குள் போயிருக்கிறீர்களா, இல்லையா? பல்லி கத்தினாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறவர், யானைச் சாணத்தின் சூட்டைத் தொட்டுப் பார்த்து, யானை போய் எவ்வளவு நேரமாயிற்று என்று எழுதியது எப்படி? ராஜபாளையம் பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவர் மலையேறியது எப்போது?

அதைவிடப் பெரிய சந்தேகம் அந்தச் சிங்கம். நம் மலையில் நடக்கிற நான்கு கதையிலும் சிங்கம் வரும். நான்கிலும் அது ஒரு சர்க்கஸிலிருந்து தப்பித்துத்தான் வரும். பூட்டு உடையும், கூண்டு லாரி கவிழும், காவலாளி தூங்கிப்போவான். இதற்கே எட்டுப் பக்கம். ஊரில் ஒரு சர்க்கஸ்காரனுக்கும் நல்ல பூட்டு கிடைக்கவில்லையா என்று நான் கேட்டபோது, "அது தப்பிச்சு வந்தாத்தான்டி தப்பில்ல" என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. புத்தகத்துக்கு எட்டுப் பக்கம் தாவியே நான் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கடிதம். நீங்கள் இருந்தவரை இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வனக்காவலர் ராமசாமி என்று ஒருவர் உங்களுக்கு எழுதியிருந்தாரே? சிங்கம் குஜராத் பக்கம்தான் இருக்கிறது, நீங்கள் காட்டைக் காட்டாமல் ரீல் காட்டுகிறீர்கள் என்று? அந்த ராமசாமி நான்தான். வாய்விட்டுச் சிரிப்பீர்கள் என்று கதவோரம் காத்திருந்தேன். படித்தீர்கள், மடித்தீர்கள், சட்டைப்பையில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு கதையும் எழுதவில்லை.

என் கடிதம்தான் உங்கள் கையைக் கட்டிவிட்டதா? நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாளிலிருந்து இதுதான் என்னை அரிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் முதலாளி, நான்கு புத்தகத்திலும் சர்க்கஸ் பகுதியை வெட்டச் சொன்னார். பக்கம் குறையும், பிள்ளைகளும் சட்டென்று காட்டுக்குள் போய்விடுவார்கள் என்றார். எனக்கும் சம்மதம்தான். ஆனாலும் இந்த நாக்கு சும்மா இருக்குமா? எல்லாக் கதையிலும் ஏன் சிங்கம் என்று கேட்டேன். யாரோ ஒரு கடைக்காரர் காலண்டர் ஆர்டரைக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டாராம். சிங்கப் படங்கள் மிஞ்சிவிட்டன. அவற்றை அட்டையில் போட்டுவிடலாம், படத்துக்கேற்ற கதை எழுதுங்கள் என்று உங்களிடம் சொன்னாராம்.

"உங்க சித்தப்பா ஒரு வாரம் மல்லுக்கு நின்னாக பாப்பா. நம்ம மலையில சிங்கம் கிடையாது, பிள்ளைகள்ட்ட பொய் சொல்ல மாட்டேன்னாக. கடைசியில அவுகளே சர்க்கஸக் கொண்டாந்தாக."

அப்படியா சித்தப்பா? முதலாளி சொல்வதை அப்படியே விழுங்குகிறவள் இல்லை நான். வீட்டுக்கு வந்து மூன்றாவது புத்தகத்தை எடுத்தேன். ராமசாமி கடிதம் வந்த அடுத்த வாரம், சர்க்கஸ் பகுதியை மட்டுமாவது படி என்று நீங்கள் என்னிடம் கொடுத்த உங்கள் சொந்தப் பிரதி. வாங்கி அப்படியே அலமாரியில் செருகியிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம், பார்க்கும்போதெல்லாம் கேட்டீர்கள்: "ஏட்டி, சிங்கம் வெளிய வந்துருச்சா?" நானும் விடாமல், "இன்னும் பூட்டு உடையல சித்தப்பா" என்றேன்.

லாரி கவிழும் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. உங்கள் கையெழுத்து.

"மதிப்பிற்குரிய வனக்காவலர் அவர்களுக்கு, தாங்கள் சொன்னது சரி. அதனால்தான் சர்க்கஸ். மற்றதெல்லாம் காட்டில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டு எழுதியது. நான் ஒரு முறையும் காட்டுக்குள் போனதில்லை. பயம். சாம்பல் மலையணில் பின்னங்காலால் தொங்கிக்கொண்டு புளியம்பழம் தின்னும் என்று எழுதியிருக்கிறேன். அதை மட்டுமாவது கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போவீர்களா? பின்குறிப்பு: தங்கள் கடிதம் எங்கள் அச்சகத்தில் வெட்டியதுபோக மிஞ்சிய தாளில் இருக்கிறது. என் அண்ணன் மகளுக்கு ரஃப் நோட்டாக நான் தைத்துக் கொடுத்த தாள். காட்டுக்குள் எப்படி வந்தது?"

தெரிந்தே வைத்திருந்தீர்கள். ஒரு வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டீர்கள். நேராகவே கேட்டிருக்கலாமே? நான் சிரிப்பேன் என்று பயந்தீர்களா? அன்றைக்கு இருந்த நான் சிரித்திருப்பேன். அதுதான் இப்போது சுடுகிறது.

சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை இரண்டு முறை படித்தாள். என்னைத் திட்டவில்லை. மறுநாள் முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வந்தபோது, "அந்த எட்டுப் பக்கம் இருந்தா போடுறேன். இல்லாட்டி உங்க சிங்கத்த நீங்களே மேய்ங்க" என்றாள். சர்க்கஸ் பிழைத்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து மலையடிவாரம் போகிறோம். புலி வேண்டாம், ஒரு புளிய மரம் போதும். அணில் வரும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். நீங்கள் எழுதியபடியே அது தொங்கினால் அந்த வரி நிற்கும். தொங்கவில்லை என்று தெரிந்தால் உங்கள் பேனாவாலேயே அடிப்பேன், சித்தப்பா என்று பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

சிங்கம் வெளியே வந்துவிட்டது, சித்தப்பா.

கூட்டிப்போகத் தவறிய உங்கள் அண்ணன் மகள்,
போலி வனக்காவலர் செல்வி